ஒரு ஆள் இடம்

மரக்காணத்தில் பேருந்தை விட்டு இறங்கும்போதே கலைமதிக்கு அப்படியே சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கம் வரும் வண்டியில் புதுச்சேரிக்குத் திரும்பிவிடலாம் போலிருந்தது. இது ஒன்றும் புதிதல்ல. வருஷா வருஷம் பங்குனி பிறந்தால் இந்தப் பயிற்சி வகுப்பு அவள் தலையில் வந்து விழும். வருஷா வருஷம் இந்த நிறுத்தத்தில் கால் வைக்கும்போது இதே எண்ணமும் வரும். தோளில் கணினிப் பை, கக்கத்தில் சுருட்டிய சார்ட்டுகள், கையில் அளவு கருவிகள் வைத்த பிளாஸ்டிக் கூடை. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. "என்னை யாராச்சும் டெஸ்ட் பண்ணி, இந்தம்மா வேலைக்கு லாயக்கில்லைன்னு எழுதிக் குடுத்தா புண்ணியமாப் போகும்" என்று ஆபீசில் சொல்லிச் சிரிப்பாள். அதில் பாதிதான் வேடிக்கை.

அவள் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பெயரைச் சொன்னால் எல்லோரும் "பிசியோதெரபிங்களா?" என்பார்கள். இல்லை என்று விளக்கி விளக்கி அலுத்துப்போய், இப்போதெல்லாம் "ஆமாம், அந்த மாதிரிதான்" என்று சொல்லிவிடுகிறாள். கை கால் முடங்கியவர்களை மறுபடி சோறு பிசைய, சட்டைக்குப் பட்டன் போட, முடிந்தால் வேலைக்குப் போக வைக்கிற தொழில். அந்தக் கடைசி விஷயத்தைத்தான் அவள் இளம் தெரபிஸ்டுகளுக்குக் கற்றுக்கொடுக்கிறாள். டாக்டர் 'ஃபிட்' என்றோ 'அன்ஃபிட்' என்றோ ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அந்த இரண்டுக்கும் நடுவில் பெரிய வெளி இருக்கிறது. இந்த ஆள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது, வேலையில் எதை மாற்றினால் திரும்பி வரலாம் என்று பார்த்து ஆலோசனைக் கடிதம் எழுத வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

வகுப்பு நடக்கிற இடம் புயல் பாதுகாப்பு மையத்தின் மாடி. புயல் வராத நாளில் அந்தக் கட்டடத்துக்கு வேறு வேலை கிடையாது. ஜன்னலைத் திறந்தால் கண்ணுக்கு எட்டிய மட்டும் உப்புப் பாத்திகள். மின்விசிறி சுற்றும், காற்று வராது.

மாடிப்படியில் சேட்டு காத்துக்கொண்டிருந்தான். பெயர்தான் சேட்டு. மற்றபடி இருப்பது ஒரு ஓட்டு வீடும், பழுதான ஒரு வலது தோளும். சில வருஷங்களுக்கு முன்னால் தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் வழுக்கி விழுந்தவன். அந்த வருஷம் கலைமதியின் வகுப்புக்கு ஒரு நோயாளி தேவைப்பட்டது, அவனைக் காட்டினார்கள். நல்ல கேஸ். தெளிவாகப் பேசுவான், கேட்டால் கேட்டதற்குப் பதில் சொல்வான், பிள்ளைகள் தோளைப் பிடித்துத் திருகினாலும் முகம் சுளிக்க மாட்டான். மறு வருஷமும் அவனையே கூப்பிட்டாள். அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு வகுப்பும் அவனை உட்காரவைத்து, நிற்கவைத்து, கையைத் தூக்கவைத்து, அவனுக்காக ஒரு ஆலோசனைக் கடிதம் எழுதும். கலைமதி திருத்தி மார்க் போடுவாள். சாயங்காலம் அவனுக்கு அன்றைய படிப் பணம் கொடுத்து அனுப்புவாள். கடிதங்களெல்லாம் பழைய பேப்பரோடு போய்விடும், ஏனென்றால் அவை பயிற்சிக் கடிதங்கள்.

சேட்டுக்கு அந்தப் பாடம் மனப்பாடம். போன வருஷம் ஒரு பையன் திணறியபோது, "குனிஞ்சு நிமிரச் சொல்லணும் சார், அத விட்டுட்டீங்க" என்று எடுத்துக் கொடுத்தவன்.

இன்று அவன் முகத்தில் அந்தக் கலகலப்பு இல்லை.

"மேடம், ஒரு விஷயம். க்ளாஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடுறேன்."

"சொல்லுங்க சேட்டு."

"இந்த வாட்டி எனக்கு நெஜ லெட்டர் ஒண்ணு வேணும். நான் ஃபிட்டுன்னு."

கலைமதி கூடையைப் படியில் வைத்தாள். "யாருக்குக் குடுக்க?"

"மேஸ்திரி புருஷோத்தமனுக்குத்தான். பக்கத்துப் பாத்தியில ஒரு ஆளு மயங்கி விழுந்து பெரிய தகராறாப் பூட்சு இல்ல, அதுலேர்ந்து லெட்டர் இல்லாம ஒடம்பு சரியில்லாதவன உள்ள விடாதன்னு மொதலாளி சொல்லிட்டாராம். எனக்கு எடத்துக்குப் போவணும் மேடம். ஆண்டாளுக்கு முட்டி பூட்சு. ராத்திரியில காலை நீட்ட முடியல, மடக்க முடியல, அழுவுறா. அவ ஊட்ல உக்காரணும்."

அவன் வேலை செய்த பாத்திகளில் வீட்டுக்கு ஒரு ஆள் இடம்தான். அப்பன் விழுந்தால் மகன், மகன் இல்லாவிட்டால் பெண்டாட்டி. இடத்தைக் காலியாக விட்டால் வேறு வீட்டுக்குப் போய்விடும், திரும்பி வராது. சேட்டு விழுந்த மறுநாளே ஆண்டாள் அந்த இடத்தில் போய் நின்றாள். அன்று நின்றவள்தான். ஆண்டாளைக் கலைமதிக்கும் தெரியும். பயிற்சி முடிகிற நேரத்தில் பாத்தியிலிருந்து நேராக வந்து, கீழே குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டு, புருஷனைக் கூட்டிப் போகக் காத்திருப்பாள். இத்தனை வருஷத்தில் தான் அந்தக் காலை ஒருமுறைகூடக் குனிந்து பார்த்ததில்லை என்பது கலைமதிக்கு இப்போதுதான் உறைத்தது. அது பாட்டுக்கு ஒரு பக்கம் குத்தியது.

"தோள் எப்படி இருக்குது? உண்மையச் சொல்லுங்க."

"சூப்பரா இருக்குது மேடம். க்ளாஸுல நான் கொஞ்சம் கூட்டித்தானே காட்டுவேன், புள்ளைங்க கத்துக்கட்டும்னு."

அதுவும் உண்மைதான். 'நீங்களாகச் சொல்லாதீர்கள், அவர்களே கண்டுபிடிக்கட்டும். கையைக் கொஞ்சம் தாழ்வாகவே வைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லி வைத்திருந்தவளே அவள்தான். அதனால் அவன் தோளில் எவ்வளவு வலி நிஜம், எவ்வளவு பாடத்துக்காக என்பது அவளுக்கே தெரியாமல் போயிருந்தது.

"நாளைக்குக் காலையில பாத்திக்கே வந்து பார்க்கிறேன். பசங்களையும் கூட்டிட்டு வர்றேன். சரியா இருந்தா நெஜ லெட்டரே எழுதலாம்."

சேட்டு கும்பிட்டான். அவனுக்கு இரண்டு கையும் சேர்ந்து நெஞ்சு மட்டத்துக்கு வந்ததை அவள் கவனித்தாள். கவனிப்பதே பிழைப்பாகிவிட்டால் கும்பிடுகூட அப்படித்தான் தெரியும்.

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும் என்று சொல்லியிருந்தாள். ஆனால் பயிற்சிக்கு வந்தவர்களில் இரண்டு பேர் இட்லி கிடைக்காமல் தாமதித்ததில், பாத்திக்குப் போய்ச் சேரும்போது உப்பு கண்ணைக் கூச வைக்கத் தொடங்கிவிட்டது. மேஸ்திரி புருஷோத்தமன் மோட்டார் சைக்கிளைக் கரையில் நிறுத்தி, அதன்மேல் குடையைச் சாத்தி, அந்த நிழலில் உட்கார்ந்திருந்தார். கெட்டவர் இல்லை. நல்லவராக இருக்க அவருக்கு நேரமில்லை, அவ்வளவுதான்.

"வாங்க மேடம். நீங்க எழுதிக் குடுத்தா எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. சேட்டு நல்ல வேலைக்காரன். ஏம்பா சேட்டு, எறங்குடா."

வேலை இரண்டு வகை. பாத்திக்குள் நின்று, நீளக் கழி வைத்த பலகையால் உப்பைத் தன் பக்கம் இழுத்துக் குவிப்பது ஒன்று. குவித்ததைக் கூடையில் அள்ளி, தலையில் தூக்கி, வரப்போடு நடந்து கரையில் கொட்டுவது இன்னொன்று. ஒரு ஆள் என்றால் முறை மாற்றி இரண்டையும் செய்தாக வேண்டும். சேட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். ஆண்டாள் பலகையை அவன் கையில் கொடுத்துவிட்டு வரப்பில் ஏறி நின்றாள். ஏறும்போது ஒரு கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டாள்.

கலைமதி வரப்பில் நின்றபடி பார்த்தாள். பக்கத்தில் நிவேதாவும் பரத்தும், மற்றவர்களும். நிவேதா திண்டிவனத்துப் பெண். கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடுவாள். பரத் எதையும் கேட்க மாட்டான். கேட்காமலே எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டுவான்.

முதல் இழுப்பு நன்றாக வந்தது. இரண்டாவதும் வந்தது. சேட்டு திரும்பி இவர்களைப் பார்த்துச் சிரித்தான். அப்புறம் மெல்லச் சுழன்று, முதுகை இவர்கள் பக்கம் காட்டி நின்றுகொண்டு இழுத்தான்.

"ஏன் மேடம் திரும்பிக்கிட்டாரு?" என்றாள் நிவேதா.

முதுகைக் காட்டினாலும் பயனில்லை, தோள் முதுகுப் பக்கமும்தானே இருக்கிறது. வலது தோள் காதை நோக்கி ஏறிக்கொண்டே போனது. கழியை இடது கை மட்டும் இழுக்க, வலது கை சும்மா அதன்மேல் ஒட்டிக்கொண்டு வந்தது. இன்னும் நாலைந்து இழுப்பில் பலகை உப்பில் புதைந்து நின்றுவிட்டது. அவன் அசையாமல் நின்றான். மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று இங்கிருந்தே தெரிந்தது.

அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. வெறும் ஏமாற்றமில்லை, கோபமும். இத்தனை வருஷம் இவன் வகுப்பில் கூட்டிக் காட்டவே இல்லை. அத்தனையும் நிஜ வலி. அந்தத் தோளைத்தான் வருஷா வருஷம் பிள்ளைகள் கையில் கொடுத்துத் திருகவிட்டிருக்கிறாள்.

யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னால் ஆண்டாள் பாத்தியில் இறங்கினாள். பலகையை வாங்கிக்கொண்டு, காலை அகட்டி ஊன்றி நின்று, சர்சர்ரென்று இழுக்க ஆரம்பித்தாள். பத்து விரலும் கழியில் பதிந்திருந்தன. சேட்டு தலையைக் குனிந்துகொண்டு கூடையை எடுத்தான். பக்கத்துப் பாத்தியில் வேலை செய்த முத்தம்மாள் வந்து ஒரு கை கொடுக்க, கூடை அவன் தலைக்கு ஏறியது. இடது கையால் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்தான். நடை அப்படியே பழைய ஆளுடைய நடை. வழுக்கு மண்ணில் கால் ஒரு இடத்திலும் தயங்கவில்லை. கொட்டிவிட்டு வந்தான். மறுபடி ஏற்றிவிட்டார்கள். மறுபடி போனான்.

"மேடம்" என்று நிவேதா கையைப் பிடித்துவிட்டாள். "அவருக்கு இழுக்க முடியல, ஆனா சொமக்க முடியுது. கால் ரெண்டும் ஸ்ட்ராங்கா இருக்குது. அந்தம்மாவுக்கு நடக்கத்தான் முடியல, நின்ன எடத்துல இழுக்குறாங்க பாருங்க! ரெண்டு பேருக்கும் ஆளுக்குப் பாதி வேலை குடுத்தா? அவரு தூக்குறது மட்டும், அவங்க இழுக்குறது மட்டும். தூக்கி விடுறதுக்கு ஒரு கை, அப்பப்ப ரெஸ்ட். நீங்க சொன்ன வேலை மாத்தம் இதுதானே மேடம்?"

கலைமதி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். எத்தனை வருஷமாக எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பாள். 'தலையில் சுமை தூக்கக் கூடாது. மோட்டார் கொட்டகையில் உட்காரும் வேலை தரலாம்.' எல்லோரும் இதையே எழுதுவார்கள். மோட்டார் கொட்டகையில் முதலாளியின் மச்சான் உட்கார்ந்திருப்பது கடிதம் எழுதுகிறவர்களுக்குத் தெரியாது. இன்றைக்குத்தான் ஒரு பெண் வேலையைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள், ஆளைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். கலைமதிக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. இந்தத் தொழிலில் கடைசியாக எப்போது சந்தோஷப்பட்டோம் என்று யோசித்தாள், ஞாபகம் வரவில்லை.

"அருமை. எழுதும்மா. நான் கையெழுத்துப் போடுறேன்."

கடிதம் மோட்டார் சைக்கிள் சீட்டின்மேல் வைத்து எழுதப்பட்டது. நிவேதா எழுத, கலைமதி இரண்டு இடத்தில் திருத்தினாள். ஆண்டாளின் முட்டியையும் முதல்முறையாகக் கரையில் உட்காரவைத்துப் பார்த்தாள். வீங்கி, சூடாக இருந்தது. பாதம் முழுக்க உப்பு அரித்த வெடிப்பு. "இப்படி வச்சுக்கிட்டு எப்படிம்மா நடந்தீங்க?" என்று கேட்டதற்கு, "நடக்கலன்னா எடம் பூடுமே மேடம்" என்றாள், அதிலென்ன கேள்வி என்கிற மாதிரி.

புருஷோத்தமன் கடிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தார். படித்து முடித்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"இது நல்ல ஐடியா மேடம்! ரெண்டு பேரும் வரட்டும். எனக்கு ஓகே."

"ரெண்டு பேருக்கும் கூலி?" என்று பரத் கேட்டான். வகுப்பு தொடங்கியதிலிருந்து அவன் கேட்ட முதல் கேள்வி.

"ஒரு ஆள் எடம்தானே தம்பி. ஒரு ஆள் கூலி. பாதிப் பாதி வேலைன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே."

நிவேதாவின் முகத்தில் இருந்த வெளிச்சம் மெல்ல வடிந்து போவதைக் கலைமதி பார்த்தாள். தனக்கும் அதேதான் நடந்திருக்கும். ஆனால் தன் முகம் அதற்கெல்லாம் பழகிய முகம்.

"அப்படி இல்லீங்க. பாதி வேலைன்னா பாதி நேரம். ஒருத்தர் வேலை செய்யும்போது ஒருத்தர் உட்காரணும்" என்றாள் கலைமதி.

"உப்பு காத்துக்கிட்டு இருக்குமா மேடம்? இழுக்க இழுக்கத் தூக்கணும். ரெண்டும் ஒரே நேரத்துலதான் நடக்கும்." அவர் குரலில் குதர்க்கம் எதுவும் இல்லை. "எங்கிட்ட இருக்கறது ஒரு எடம். ரெண்டு எடம் கேட்டா நான் எங்க போவேன்? வேணாம்னா சொல்லுங்க, கூனிமேட்டுலேர்ந்து ஒரு பையன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

வகுப்பின் முதல் நாளே கலைமதி கரும்பலகையில் எழுதிப்போடுவது ஒன்று உண்டு: நம் ஆலோசனை வேலையைப் பற்றியது, கூலியைப் பற்றியது அல்ல, அதில் தலையிட்டால் நம் கடிதத்தை யாரும் மதிக்க மாட்டார்கள். அவளே பலமுறை அதை அடிக்கோடிட்டிருக்கிறாள். இப்போது கடிதத்தைத் திரும்ப வாங்கினாள். கீழே காலியாக இருந்த இடத்தில் தன் கையால் ஒரு வரி சேர்த்தாள்: 'இருவரும் வேலை செய்வதால் இருவருக்கும் கூலி தரப்பட வேண்டும்.' எழுதும்போது பேனா பேப்பரைக் கிழிக்கப் பார்த்தது.

புருஷோத்தமன் அந்த வரியைப் படித்தார். கோபப்படவில்லை. கடிதத்தை மடித்து அவளிடமே நீட்டினார்.

"இத மொதலாளிகிட்டக் காட்டினா, அந்த எடத்தையே எடுத்துடுவாரு மேடம். நீங்களே வச்சுக்கங்க. நான் பார்க்கலன்னு வச்சுக்கறேன்."

குடையை மடக்கத் தொடங்கினார். சேட்டு ஒன்றும் புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ஆண்டாள்தான் எழுந்து வந்தாள். தொடையில் கையை ஊன்றி, நொண்டி நொண்டி. உப்பு படிந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"மேடம், எனக்குப் படிக்கத் தெரியாது. அந்தக் கடைசி வரி எங்க ரெண்டு பேருக்கும் கூலி கேக்குற வரிங்களா?"

"ஆமாம்மா."

"அத அடிச்சுடுங்க மேடம்."

"ஆண்டாள், நீங்க வீட்ல உட்காரணும்னுதானே அவரு என்கிட்ட வந்தாரு? இப்படிக் குடுத்தா நீங்களும் வரணும், அவரும் வரணும். ரெண்டு பேரோட ஒடம்பும் போகும், கூலி மட்டும் ஒண்ணு. இதுக்கா நான் வந்தேன்?"

"நடக்கற வேலைய அவரு பாத்துக்குவாரு. எனக்கு நடக்க வேணாம். அதுவே பெரிய விஷயம் மேடம்." கொஞ்சம் நிறுத்தினாள். "எடம் பூட்டா அப்புறம் ரெண்டு பேரும் ஊட்லதான் உக்காரணும். அடிச்சுடுங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

புண்ணியம். கலைமதிக்கு வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது, யாரையாவது பிடித்து அடிக்க வேண்டும் போலவும் இருந்தது. அடிக்கும்படியாக அங்கே ஒருவரும் இல்லை. மேஸ்திரி மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார். அவள் கடிதத்தை விரித்தாள். கடைசி வரியின் மேல் ஒரு கோடு போட்டாள். படிக்க முடிகிறதே என்று இன்னொரு கோடு போட்டாள். கோட்டின் ஓரத்தில் சுருக்கொப்பமும், அடியில் முழுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.

புருஷோத்தமன் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ரொம்ப தேங்ஸ் மேடம்" என்று மனசாரச் சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வரும்போது வரப்பில் நிவேதா அவளை ஒட்டியே நடந்தாள்.

"மேடம், நான் சொன்னது தப்பா?"

"தப்பில்ல."

"அப்ப ஏன் மேடம் இப்படி ஆச்சு?"

கலைமதிக்கு இதற்குப் பதில் தெரியும் என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொடுக்கிறவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்தான். "ஃபுல் மார்க் போடுறேன்ம்மா. இதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்றாள்.

பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. சேட்டுதான். தலையில் சும்மாட்டுத் துணி அப்படியே இருந்தது. முகமெல்லாம் சிரிப்பு. பல வருஷத்துக்குப் பிறகு அவனுக்குக் கிடைத்த நிஜக் கடிதம் அல்லவா.

"மேடம், அவசரத்துல சொல்ல மறந்துட்டேன். அடுத்த வருஷம் க்ளாஸுக்கு எங்க ரெண்டு பேரையுமே கூப்புடுங்க. இப்ப அவளும் கேஸுதானே, புள்ளைங்களுக்கு நல்லாப் புரியும்." மூச்சு வாங்க நின்று, மேடத்துக்குச் செலவு வைத்துவிடக் கூடாதே என்று அவசரமாகச் சேர்த்துச் சொன்னான். "படி ஒருத்தருக்குக் குடுத்தாப் போதும் மேடம்."

கலைமதி சரியென்று தலையசைத்தாள். அவன் திரும்பி ஓடினான். தூரத்தில் ஆண்டாள் இழுத்துக் குவித்த உப்பு அவனுக்காகக் காத்திருந்தது.